ஈஸ்டருக்குப் பூக்கும் மரங்கள்

எங்கள் எதிர்வீட்டு மாமாவுக்கு வாய் இருந்தது என்பதற்கு அவர் சாப்பிடுவது ஒன்றுதான் சாட்சி. அந்த வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கடன் கேட்பதைச் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளிக்கோ, மணி என்ன, குழம்பு ஊற்று என்று மனுஷராய்ப் பிறந்தவர்கள் பொழுதுக்கும் கேட்கிற சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்கிறேன். அவை எதுவும் அவரிடமிருந்து வராது. வந்து நிற்பார், அவ்வளவுதான். அவருக்கு என்ன வேண்டும் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் தெருமுனை டீக்கடைக்குப் போவார். கடைக்காரர் பார்த்தால் டீ கிடைக்கும். பார்க்காவிட்டால் இல்லை. ஒருநாள் கூட்டத்தில் அவர் நின்றுகொண்டே இருக்க, பால் தீர்ந்து கடைக்காரர் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். "இன்னா மாமே, அப்போலேர்ந்து நின்னுகினு கீற, ஒரு டீ போடுன்னு சொன்னா கொறஞ்சா பூடுவ?" என்று கத்தினார். மாமா சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். டீ குடிக்காமல்தான்.

இன்னொரு நாள் பாரிமுனையிலிருந்து நானும் அவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவர் ஜன்னல் ஓரம். பக்கத்து சீட்டில் ஒரு பெரிய அம்மா காலுக்கடியில் மீன் கூடையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஸ்டாப்பில் நான் இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன், மாமா ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போகிறார். அந்த அம்மாவை எழுப்பி "வழி வுடும்மா" என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் நாலைந்து ஸ்டாப் தள்ளி எர்ணாவூரில்தான் கண் விழித்தாளாம். அங்கிருந்து வெயிலில் நடந்தே வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

எல்லாவற்றையும்விட அந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா வந்து நின்றார்.

"இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்ல."

"சாப்டியா?"

"உம்."

கையைத் துண்டில் சுற்றியிருந்தார். அம்மா பாட்டுக்கு விலைவாசி, தண்ணி லாரி என்று பேசிக்கொண்டே போனாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். துண்டின் நுனியிலிருந்து சொட்டியது சிமென்டில் விழுந்து பரவியபோதுதான் அது தண்ணீர் இல்லை என்று அம்மாவுக்கு உறைத்தது. "அடப்பாவி மனுசா! கைய வெட்டிகினு வந்து ஒண்ணுமில்லன்றியே, நீயெல்லாம் இன்னா ஜென்மம்!" என்று அலறிக்கொண்டு மீன் கையோடு எழுந்து ஓடினாள். தையல் போட்டுவிட்டு வந்த பிறகும், "நீ பேசி முடிக்கட்டும்னு பாத்தேம்மா" என்றார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் வேலை. கீழே நிற்கிற ஆள் கை காட்டுவான். தூக்கு, இறக்கு, நிறுத்து, எல்லாம் கை ஜாடைதான். அதனால்தான் பேச்சு மறந்துபோயிற்று என்பார் எங்கள் அப்பா. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். "கெரேன் ஓட்றவன்லாம் ஊமையாவா பூட்டான்? இது பொறவிலயே அப்டி" என்பாள்.

மாமாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்தபோதே அத்தை அவரை விட்டுவிட்டுப் புளியந்தோப்பில் தன் அக்காவோடு போய் இருந்துவிட்டாள். பிள்ளை இல்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களில் கட்டிய தாலி கட்டியதுதான், பிரிந்தாலும் புருஷன் பெண்டாட்டிதான். அத்தை போன பிறகு மாமா முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, தன் சித்தப்பா விட்டுப்போன வீட்டுக்கு, அதாவது திருவொற்றியூரில் எங்கள் எதிர்வீட்டுக்கு, குடிவந்தார். சின்ன வீடு. ஆனால் முன்னால் பெரிய காலி மனை. மூன்று பக்கமும் கிடங்குச் சுவர், நான்காவது பக்கம் கேட்டு. மனையின் நடுவே சித்தப்பா காலத்து மரம் ஒன்று சும்மா நின்றது. அதற்குப் பெயர் மாவிலங்கம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

மாசியில் அந்த மரம் இலையை எல்லாம் கொட்டிவிட்டுக் குச்சி குச்சியாக நிற்கும். செத்துப்போயிற்று என்று நினைப்போம். பங்குனியில் ஒரு காலை பார்த்தால், மரம் முழுக்க வெள்ளைப் பூ. ஒவ்வொரு பூவிலும் பூனைமீசை போல் நீளமாக ஊதா நரம்புகள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை மஞ்சளாகிவிடும். பிறகு கொட்டிவிடும். அந்த லாரிப் புகைக்கும் கரித்தூசிக்கும் நடுவே அப்படியொரு மரத்தைப் பார்த்தால் யாராயிருந்தாலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

மாமா குடிவந்த முதல் வருஷம் அது பூத்திருந்தபோது ஈஸ்டர் வந்தது. அத்தை ஞானஸ்நானம் வாங்கியது எங்கள் கோயிலில்தான். கிறிஸ்துமஸை அக்கா பிள்ளைகளோடு புளியந்தோப்பிலேயே முடித்துக்கொள்வாள். ஆனால் ஈஸ்டர் பூசைக்கு மட்டும் முதல் பஸ் பிடித்து இங்கே வந்துவிடுவாள். பூசை முடிந்து பெரிய ரோட்டுக்குப் போக நேர் வழி இருந்தும், அந்த வருஷம் அவள் எங்கள் தெரு வழியாக வந்தாள். முக்காடு போட்டபடி, மெதுவாக. மாமா கேட்டுக்கு உள்ளே நின்றார். தெருவே அவரவர் வாசலில் நின்று பார்த்தது. நானும்தான். அத்தை கேட்டுக்கு முன்னால் வந்து நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"இது இன்னா மரம்?"

"மாவிலங்கம்."

"ஓ."

போய்விட்டாள். அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு ஆவலாக நின்றோம் என்று எனக்கு எரிச்சல். ஆனால் மாமாவைப் பார்த்தேன். மனுஷன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால், இப்போதுதான் மறுபடி தாலி கட்டியவர் மாதிரி இருந்தார்.

ஈஸ்டர் கிறிஸ்துமஸ் போல் ஒரு தேதியில் நிற்கிற பண்டிகை அல்ல. அது பௌர்ணமியை ஒட்டி வருவது. ஒரு வருஷம் பங்குனி ஆரம்பத்திலேயே வந்துவிடும், இன்னொரு வருஷம் சித்திரைக்குத் தள்ளிப்போய்விடும். மறு வருஷம் அப்படித்தான் தள்ளிப்போனது. மாவிலங்கம் பூத்துக் கொட்டி, பச்சை இலை விட்டு, மற்ற மரங்களைப் போல் ஆகிவிட்டிருந்தது. அத்தை வந்தாள். நடையைக் குறைத்தாள். மரத்தைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், உள்ளே நின்றவரையும் பார்த்தாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. போய்விட்டாள். மாமா வாயைத் திறந்து "வா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் அவர் மாமா இல்லையே.

அந்த வாரமே மண்வெட்டியை எடுத்தார்.

முதலில் புரசு வைத்தார். புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம், இப்போது அங்கே போய்த் தேடினாலும் கிடைக்காது. அப்புறம் புங்கம். அப்புறம் சரக்கொன்றை. செங்குன்றம் பக்கம் ரோட்டோர நர்சரிக்குப் போய், ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டு கன்று கொண்டுவந்து வைத்தார். காயாம்பூச் செடி ஒன்று வேண்டும் என்று போனவர், வழக்கம்போல் கேட்காமல், கடைக்காரன் கை காட்டியதை எடுத்துவந்துவிட்டார். கண்ணும் கருத்துமாக வளர்த்தார். வருஷங்கள் கழித்து அது சப்போட்டா காய்த்தது. தெருப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மாமா அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. பிறகு நானே அவரோடு போய், கடைக்காரனை நான்கு கேள்வி கேட்டு, நிஜமான காயாவை வாங்கிக் கொடுத்தேன். அது பூத்தபோது குச்சியெல்லாம் நீலமாக இருந்தது.

எங்கள் வீட்டில் கோயில் காலண்டர் மாட்டியிருக்கும். புது வருஷக் காலண்டர் வந்ததும் மாமா வந்து அதற்கு முன்னால் நிற்பார். மார்ச், ஏப்ரல் தாள்களைத் தூக்கிப் பார்ப்பார். விட்டுவிட்டுப் போய்விடுவார். நோன்பிருக்க ஒருச்சந்தி நாள் பார்க்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் ஒருநாள் பொறுக்கவில்லை.

"இன்னா மாமா, வெச்சதெல்லாம் பங்குனி சித்திரைல பூக்கற மரமாவே வெச்சிருக்க? ஒரு செம்பருத்தி வை, அரளி வை, வருசம் பூரா பூக்குமே."

தூக்கிய தாளைக் கீழே விட்டார். பிறகு, நான் கேட்டதிலேயே அவருடைய நீளமான பேச்சு வந்தது. "ஈஸ்டரு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. முன்ன வந்தா புரசு. அப்பால மாவிலங்கம், காயா. அதுக்கும் மேல போனா புங்கம். ரொம்பத் தள்ளிப் போச்சின்னா கொன்ற. எப்ப வந்தாலும் ஒண்ணு பூத்துகினு இருக்கும். எப்பவும் பூக்கறது வெச்சா, அது அவளுக்கோசரம் பூத்ததா எப்டி ஆவும்?"

ஒரு வார்த்தை கூப்பிட்டால் முடிகிற விஷயத்துக்கு ஒரு தோப்பே வைத்திருக்கிறார் மனுஷன். அழுவதா, மண்டையில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.

அது வேலையும் செய்தது, பொய் சொல்லக்கூடாது. மரங்கள் வளர வளர, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கேட்டருகே ஏதோ ஒன்று பூத்திருந்தது. அத்தையும் ஒவ்வொரு வருஷமும் நின்றாள். "இது இன்னா மரம்?" "புரசு." "ஓ." மறு வருஷம், "இது?" "புங்கம். பொரி கொட்ன மாரி வுயும்." "ஆமா, கொட்டிக் கீது." அந்த வருஷம் அவர் ஒரு பெயருக்கு மேல் பேசியதைப் பற்றித் தெருவே ஒரு வாரம் பேசியது. கொன்றை முதல்முதலாகப் பூத்த வருஷம் அத்தை கேட்டின் மேல் கை வைத்தாள். அம்மா என் கையைக் கிள்ளினாள். மாமா தாழ்ப்பாளைப் பார்த்தார், அத்தையின் கையைப் பார்த்தார், கொன்றையைப் பார்த்தார். அத்தை கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் அவர் செய்கிற வேலைதான் தெருவில் பெரிய கேலி. ஒவ்வொரு மரமாக ஏணி போட்டு ஏறி, இலையில் படிந்த கரித்தூசியைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார். தான் குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்திருந்துதான். இருந்தாலும், "நம்ம குடிக்கத் தண்ணிக்கு லாரி பின்னாடி ஓடறோம், இவுரு மரத்துக்கு ஸ்னானம் பண்ணி வெக்கறாரு" என்று பெண்கள் ஜாடை பேசுவார்கள். ஒரு வருஷம் கோயிலில் பீடம் ஜோடிக்கிற இளைஞர்கள் ஈஸ்டருக்கு முந்தின நாள் அரிவாளோடு வந்தார்கள். தவக்காலம் முழுக்க பீடத்தில் பூ வைக்க மாட்டோம் அல்லவா, ஈஸ்டருக்கு அள்ளி வைக்க வேண்டும், நாலு கிளை வெட்டிக்கொள்கிறோம் என்றார்கள். மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தடியில் போய் நின்றுகொண்டார். கிளைக்கு நேர் கீழே. அவர்கள் இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். கடைசியில் அம்மா போய், "டேய், போய் ரோசாப்பூ வாங்கி வைங்கடா, பேஜாரு பண்ணாதீங்க" என்று விரட்டினாள்.

மாமா இப்போது இல்லை. நான் சொல்ல வருவது அவருடைய கடைசிக் கார்த்திகையையும் கடைசி ஈஸ்டரையும் பற்றித்தான்.

அந்தக் கார்த்திகையில் விடாமல் மழை. எங்கள் தெரு மணல்மேடு, தண்ணீர் நிற்காது. புளியந்தோப்பில் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. ஒரு சாயங்காலம் அத்தை எங்கள் தெருவில் வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு பை, புடவை இடுப்புவரை சேறு. அவர்களுடையது ஹவுசிங் போர்டில் தரைத்தள வீடு. அக்கா தன் மகனோடு அவன் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே இவளுக்கு இடமில்லை. இந்த முறை அவள் கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. தானே தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மாமா வீட்டு வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சந்தோஷம் இல்லை, பயம். மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கார்த்திகை மழையில் எந்த மரம் பூத்திருக்கும்? எல்லாம் ஒரே பச்சையாகச் சொட்டிக்கொண்டு நின்றன.

"பூவு ஒண்ணும் இல்லியே இப்போ" என்றார்.

"பூவத் தின்னுட்டு குந்துனுமா? சோறு கீதா இல்லியா?" என்று கேட்டுவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் வடிகிறவரை அவள் இருந்தாள். அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது. எல்லாம் அவள் குரல்தான், ஆனாலும் கேட்டதே. கருவாட்டுக் குழம்பு வாசனை தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா மழையில் குடை பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். அவளுடைய போன் தண்ணீரில் செத்துப்போயிருந்ததால், அக்காவோடு பேச எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்தால் அம்மாவோடு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அம்மா கேட்டேவிட்டாள், அப்போது ஏன் போனாய் என்று.

"போவணும்னு போவலக்கா" என்றாள் அத்தை. "வூட்ல செவுத்தோட பேசற மாரி இருந்திச்சி. கோச்சிகினு ஒரு நா பொட்டி கட்டினேன். போவாதன்னு ஒரு வார்த்த சொல்வாருன்னுதான் கட்டினேன். வாசப்படில நின்னு பாத்துகினு இருந்தாரு. ரிக்சா வர்ற வரைக்கும் நானும் நின்னேன். வந்துச்சி, ஏறிட்டேன். அப்பால எறங்கறதுக்கு ரோசம் வுடல."

தண்ணீர் வடிந்தது. அக்கா போன் செய்தாள். அத்தை துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு வேலைக்குக் கிளம்புகிற நேரம். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு ஆபீஸில் வேலை எனக்கு. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே காதைக் கொடுத்தேன்.

"கெளம்பறேன்" என்றாள்.

மாமா காயாச் செடியின் பக்கத்தில் நின்றார். சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

"ஈஸ்டரு இந்த தபா சீக்கிரமே வந்துடுது" என்றார்.

அத்தை அவரையே பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நானும் அவளோடு பெரிய ரோடு வரை போனேன். ஷேர் ஆட்டோ வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதையும் விட்டாள். "இன்னா அத்த, வர்ற வண்டியெல்லாம் வுட்டுகினே கீற?" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே, "பின்னாடி வராரான்னு பாரேன்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். தெருவில் மழைத்தண்ணீர்தான் இருந்தது.

எனக்கு வந்ததே ஒரு கோபம். ஆபீஸாவது ஒன்றாவது, திரும்பி ஓடினேன். மாமா அதே காயாச் செடியின் பக்கத்தில்தான் நின்றார்.

"மாமா, அத்த ஸ்டாப்புல நிக்கிது. வண்டி ஏறாம நிக்கிது. உனக்கோசரம்தான் நிக்கிது. ஓடு, போய் கூப்புடு!"

அவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "பூ ஒண்ணுகூட இல்லியேம்மா. எதச் சொல்லிக் கூப்புடறது?"

நான் மறுபடி ஓடிப் போனபோது ஸ்டாப்பில் யாரும் இல்லை.

ஈஸ்டர் அவர் சொன்னது போலவே சீக்கிரம் வந்தது. அந்த வருஷம் மரங்களுக்கு என்ன ஆயிற்றோ, மழை நன்றாக இறங்கியதாலோ என்னவோ, புரசு கடைசிப் பூவோடு நிற்க, மாவிலங்கம் வெள்ளையும் மஞ்சளுமாய் வெடித்துவிட்டது. காயா நீலம், புங்கத்தில் மொட்டு. பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கு முன்னால் நின்று போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து கேட்டருகே நின்றார்.

நான் கோயில் வாசலில் அத்தையைப் பார்த்துவிட்டேன். அவள் எங்கள் தெருப் பக்கம் திரும்பவில்லை. நேர் வழியில் பெரிய ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய் மறித்தேன்.

"அத்த, அந்தப் பக்கம் வரலியா? எல்லாம் பூத்துக் கொட்டிகினு கீது. மாமா காலைலேர்ந்து நிக்கறாரு."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மரத்தப் பாக்கவாடி இத்தினி வருசமா நான் அந்தத் தெருவுல நடந்தேன்? அந்த மரம் பேரெல்லாம் தெரிஞ்சி எனக்கு இன்னா ஆவப் போவுது? வான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த. அதுக்கோசரம்தான் வந்தேன். போதும்டி. காலு வலிக்குது."

பஸ் வந்தது. இந்த முறை அவள் அதை விடவில்லை.

நான் நேராக வந்து கேட்டுக்கு முன்னால் நின்றேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கவலை இல்லை. "அத்த மெயின் ரோட்டாலயே பூட்ச்சி மாமா. பூவப் பாக்க வரலியாம். நீ வாயால கூப்புடுவியான்னுதான் இத்தினி வருசம் வந்துச்சாம். இன்னும் எத்தினி மரம் வெக்கப் போற?" என்று கத்தினேன்.

அவர் உள்ளே போனார். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, பெரிய ரோட்டை நோக்கி நடந்தார். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே, மனுசன் கெளம்பிட்டாரு" என்றாள். தெருவில் யாரோ விசில்கூட அடித்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பிரியாணி. அம்மா பெரிய டப்பா ஒன்றில் இரண்டு பேருக்கு நிரப்பி மூடி வைத்தாள். "ரெண்டு பேரும் வந்தா சூடு பண்ணிக் குடுக்கலாம்" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். தனியாக. சட்டை முழுக்க வியர்வை, முகம் வெயிலில் கறுத்துவிட்டிருந்தது. நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். அம்மா எழுந்தாள்.

"இன்னாண்ணா, வர மாட்டேன்னுட்டாளா?"

"பாக்கல."

"வூட்ல இல்லியா?"

"வூடு தெர்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். பெண்டாட்டி இருக்கிற வீடு தெரியாமலா ஒரு மனுஷன் கிளம்புவான்? காலையில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

"ஹவுசிங் போர்டுன்னு தெரியும்" என்றார் மாமா. "அங்க எல்லா பில்டிங்கும் ஒரே மாரி கீது."

"காலைலேர்ந்து அங்க இன்னாதான் பண்ண?"

"நின்னுகினு இருந்தேன்."

"இவ்ளோ நேரமாவா?"

தலையை ஆட்டினார்.

என்னால் முடியவில்லை. "யாராவது ஒர்த்தரக் கேக்கறதுதானே மாமா! பேரச் சொன்னா அந்த எடத்துல கொயந்தகூட காட்டுமே! ஒரே ஒருத்தர!" என்று கத்தினேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"கேக்கலாம்னுதாம்மா நின்னுகினு இருந்தேன்" என்றார்.

அம்மா உள்ளே போய் அந்தப் பெரிய டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். மாமா மூடியைத் திறந்து பார்த்தார். எங்கள் தட்டு ஒன்றை எடுத்து, ஒரு ஆளுக்கு உண்டானதை மட்டும் அதில் போட்டுக்கொண்டு, மீதியை அம்மாவிடமே கொடுத்துவிட்டு, தெருவைத் தாண்டி வீட்டுக்குப் போனார்.